ஆடிச்சுற்றுக்குப் பன்னிரண்டு கார்கள்

என் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. ஐந்து தட்டு. இன்றைய தேதியில் அதில் எண்பத்தாறு கார்கள் நிற்கின்றன. எண்பத்தேழு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண்பத்தேழாவது அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நானும் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

எல்லாம் நிஜக் கார்களின் சிறு உருவங்கள். நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு, அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று அளவு பிசகாமல் செய்தவை. கதவு திறக்கும், சிலவற்றில் டிக்கியும் திறக்கும். கருவூலத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற மறுவாரம் முதல் காரை வாங்கினேன். நிஜக் கார் எனக்கு வாய்க்கவில்லை, ஓட்டவும் தெரியாது. நிறம் உரிந்த பழைய உருவங்களை வாங்குவேன். அடியில் உள்ள ஆணியைத் துளைத்துப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி வண்ணம் அடித்து மாட்டுவேன். காலையில் நடை, பால், பேப்பர். பத்து மணிக்கு மேசை. பக்கத்துத் தெருவில் தறி நிற்கும்போது நானும் நிறுத்துவேன்.

எண்ணுவது எனக்குப் பிறவிக் குணம். மாடிப்படி பதினேழு. ஜன்னல் கம்பி இருபத்திரண்டு. சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டைக்கூட விடமாட்டேன். "எண்ணி முடிச்சாச்சுன்னா சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

அதனால்தான் போன ஆடியில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி, ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளை இங்கே அழைத்து வரவும் முடியவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று மனைவி நூற்றெட்டு ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ந்த கணக்கு. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற கோமதி அம்மனின் கால் வலியை, சுற்றுகிறவர்கள் தங்கள் காலில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை.

மனைவிக்கு இடது முழங்கால் தேய்ந்துபோனது. ஆபரேஷன் செய்யும்வரை அதிகம் நடக்கக் கூடாது என்று பாளையங்கோட்டை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஏட்டி, இந்த முட்டுக்கால வச்சுக்கிட்டு நூத்தியெட்டா?" என்று கேட்டேன்.

"அம்மா வலிய நான் வாங்கிக்கிட்டா, என் பிள்ள வலிய அவ வாங்கிக்கிடுவா."

"அப்ப முட்டுல ஏற்கெனவே இருக்க வலி யாருது?"

"அது உங்களது. நாப்பது வருசமா உங்க பின்னால நடந்து வந்தது."

கணக்கு மட்டும் போட்டுக் கொடுத்தேன். கொடி ஏறிய மறுநாளிலிருந்து ஒன்பது நாள், நாளுக்குப் பன்னிரண்டு சுற்று. வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும்.

"எண்ணுதது உங்க வேலை, நடக்கது என் வேலை. எண்ணிக்கிட்டே நடந்தா மனசு நம்பர்ல போயி நின்னுக்கிடுது. அம்மாகிட்ட நிக்க மாட்டேங்கு" என்றாள்.

மற்றவர்கள் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு நடப்பார்கள். எனக்குப் புளியங்கொட்டை பிடிக்கவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு சின்னக் கார்களை எடுத்துப்போனேன். வெளிப் பிரகாரத்தில் மதில் ஓரமாக உட்கார்ந்து, கார்களை என் வலப்பக்கம் வரிசையாக நிறுத்துவேன். அவள் ஒருமுறை கடந்தால் ஒரு காரை இடப்பக்கம் தள்ளி வைப்பேன். முதலில் தீயணைப்பு வண்டி, கடைசியில் மஞ்சள் டாக்சி. அந்த வரிசை மாறாது.

என்னோடு வேலை பார்த்த சிவகிரிக்காரர் ஒருவர் ஐந்நூற்றொன்று நேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். முதல் நாளே என் முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன வே, அம்மன் கோயில்ல கார் ஸ்டாண்டு போட்டிருக்கீரு? டோக்கன் உண்டா?"

"நீரு சுத்தும். எண்ணிக்கை விட்டுப்போகும்."

"எனக்கு விட்டுப்போனா ரெண்டு கூடச் சுத்துவேன். உமக்கு விட்டுப்போனா செத்துல்லா போவீரு!"

சிரித்துக்கொண்டே போனார். ஆறு நாள் ஒரு பிசகும் இல்லை. எழுபத்திரண்டு.

ஏழாம் நாள் மாலை சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. கார் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு, அதில் படம் வந்திருந்தது. கடையநல்லூர்க்காரர் ஒருவர் ஒரு கறுப்பு அம்பாசடரை விற்கப் போட்டிருந்தார். என்னிடம் அதே காரில் ஏழு நிறம் வந்தாயிற்று. கறுப்பு மட்டும் பதினொரு வருஷமாகத் தட்டிக்கொண்டே போனது. மேல் தட்டில் அதற்கென்று இடம் விட்டு வைத்திருந்தேன். யார் முதலில் 'எனக்கு' என்று போடுகிறாரோ அவருக்கு. போட்ட உடனே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும். அதுதான் குழுவின் வழக்கம்.

போட்டேன். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்காதென்று எழுந்து கோபுர வாசலுக்கு வெளியே போனேன். எத்தனை கார் தள்ளியிருக்கிறேன் என்று பார்க்காமல் எழுந்தேன். வாழ்க்கையில் நான் எண்ணாமல் எழுந்த இடம் அது ஒன்றுதான்.

பேச்சு நீண்டுவிட்டது. கண்ணாடி உடைந்திருக்கிறதா, சக்கரம் உருளுமா, அசல் வண்ணம்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. இடப்பக்கம் ஏழு கார் நின்றன. நான் போகும்போது ஏழு இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு சுற்றுக்கு எட்டு நிமிஷம் ஆகும். நான் இல்லாத நேரத்தில் இரண்டு முறை கடந்திருப்பாள். இரண்டு காரை எடுத்துத் தள்ளினேன். ஒன்பது.

இன்னும் மூன்று சுற்று வந்ததும் "ஆச்சு, பன்னிரண்டு" என்றேன். அவள் அப்படியே மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கினாள். என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள்.

மறுநாள் காலை காப்பியில் சீனி இல்லை. ஏன் என்றதற்கு "வயசாச்சுல்லா" என்றாள். பென்ஷன் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுக் கடையநல்லூர் பஸ் ஏறினேன்.

விற்றவருக்கு நாற்பது வயது இருக்கும். துபாயிலிருந்து மொத்தமாக வந்துவிட்டவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க அண்ணாச்சி. நீங்கதானா? மெசேஜ் வந்த வேகத்தப் பாத்துட்டு ஏதோ காலேஜ் பையன்னுல்லா நெனச்சேன். மாஷா அல்லாஹ், இந்த வயசுல விரல் என்னமா ஓடுது! அப்ப எங்கன இருந்தீங்க?"

"வீட்டுலதான்" என்றேன். அது இரண்டாவது பொய்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரம் பார்க்க ஃபோனை எடுத்தேன். கண்ணாடியில் பச்சையாக ஒரு விரல் தடம். அந்த வாரம் வண்ணம் அடித்த பச்சை ஜீப் இன்னும் முழுதாகக் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்ட கையோடுதான் ஃபோனை எடுத்திருக்கிறேன். பச்சை ஜீப் என் வரிசையில் ஐந்தாவது கார்.

அப்படியானால் நான் எழுந்து போனபோது இடப்பக்கம் இருந்தது ஐந்துதான். ஏழு இல்லை. யார் காலோ பட்டு இரண்டு கார் நகர்ந்திருக்கிறது, அல்லது யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நான் வேறு இரண்டைத் தள்ளியிருக்கிறேன். அவள் நடந்தது பத்துச் சுற்று. நான் சொன்னது பன்னிரண்டு.

இரண்டு குறைகிறது. என் பேரப்பிள்ளைக்காக நேர்ந்ததில், அலமாரியில் ஒரு காலி இடத்துக்காக, இரண்டு குறைகிறது. எனக்கு அவள் அளவுக்குப் பக்தி இல்லை. ஆனால் அன்று பஸ் ஜன்னல் கம்பிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தேன். பக்தி இல்லாதவனுக்கும் பயம் வராமலா இருக்கும்?

அன்று சாயங்காலம் சிவகிரிக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். எதற்காக எழுந்து போனேன் என்பதைச் சொல்லவில்லை.

"கருவூலத்துல ரெண்டு குறைஞ்சா என்ன வே செய்வீரு?" என்றார்.

"கட்டிருவேன்."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லி ரெண்டு கூட நடக்கச் சொல்லும்."

"முட்டு வீங்கிக் கெடக்கு."

"அப்ப நீரே நடந்திரும்."

"நேர்ந்தது அவல்லா?"

"இதுக்கு நான் என்ன சொல்ல? நான் என்ன அம்மனுக்கு ஆடிட்டரா?"

மறுநாள் விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போவதுபோல் போய் நானே இரண்டு சுற்று நடந்தேன். சின்னக் கல்கூடக் குத்தவில்லை. எங்கும் வலிக்கவில்லை. வலி இல்லாத சுற்றை எந்தக் கணக்கில் வைப்பது?

அன்றைக்குத்தான் ஒன்பதாம் நாள், கடைசி நாள். அவள் பத்துச் சுற்று முடித்திருந்தபோது நான் எட்டுக் கார்தான் தள்ளியிருந்தேன். பன்னிரண்டாவது முறை என் முன்னால் வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு இருக்கு."

வலப்பக்கம் நின்ற இரண்டு காரையும் பார்த்தாள். "அப்படியா? நான் முடிஞ்சுதுன்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரு சந்தேகம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. கடைசிச் சுற்றில் மதிலைத் தொட்டுத் தொட்டு வந்தாள். நான் மஞ்சள் டாக்சியைக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளி வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முட்டு பந்துபோல் வீங்கிவிட்டது. ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது கோயம்புத்தூர் போக முடியவில்லை. காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஃபோனில் பார்த்தாள். சம்பந்தியம்மாள் வளையல் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பச்சை வளையல் நான் வாங்கினதுல்லா" என்று மட்டும் சொன்னாள். நான் மேசைக்குப் போய் உப்புத்தாளை எடுத்து, தேய்க்க வேண்டியதில்லாத எதையோ தேய்த்தேன். அதற்குள் காலைக் காப்பி நின்று பாகற்காய்ச் சாறு வந்திருந்தது. ஃபோனில் எதையோ பார்த்துவிட்டுச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதற்குள் வீக்கம் வடிந்திருந்தது, இருவரும் போனோம். ஆஸ்பத்திரி அறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி மகளிடம் ஆடிச்சுற்றுக் கதை சொன்னாள்.

"உங்க அப்பாவக் கேளு. ஒருநாளு காரெல்லாம் அங்கன கெடக்கு, ஆளக் காணும். நான் ஒரு சுத்து வாரேன், ஆளு இல்ல. எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா மனுசன் தவிச்சுப்போவாரேன்னு நானே குனிஞ்சு ஒரு காரத் தள்ளி வச்சேன். அடுத்த சுத்துக்கும் ஆளு இல்ல. இன்னொண்ணையும் தள்ளி வச்சேன். குனிஞ்சவ நிமுர முடியல, அம்மாடி!"

"அப்பா எங்க போனாங்க?"

"ஒண்ணுக்குத்தான் போயிருப்பாக. கால் மணி நேரம்! சுகர் ஏறிப்போச்சு போல, பாவம். கோயில்ல வச்சுக் கேட்டா கூச்சப்படுவாகன்னு நான் கேக்கல. மறுநாளே சீனிய நிறுத்திட்டேன்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "டெஸ்ட் எடுத்தீங்களாப்பா?"

"எடுக்கணும்" என்றேன்.

உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தை அவள் ஏழாக்கியிருக்கிறாள், சரியாக. ஏழை ஒன்பதாக்கியது நான். அன்று குறைந்த இரண்டைக் கடைசி நாளில் அவளே நடந்துவிட்டாள். நூற்றெட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பஸ்ஸில் பிடித்த பயம் அப்போது விட்டது. ஆனால் நான் சக்கரம் உருளுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, அந்த முட்டோடு அவள் இரண்டு முறை குனிந்திருக்கிறாள். என் கணக்கு கெடக்கூடாதென்று.

ஊருக்கு வந்ததும் அவளுக்குத் தெரியாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். "சார், ஒண்ணும் இல்ல. நார்மல்தான்" என்றார் லேப்காரர். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். சுகர் இல்லையென்றால் அன்று கால் மணி நேரம் எங்கே போனீர்கள்?

கறுப்பு அம்பாசடர் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, பழைய காலண்டர்களுக்குப் பின்னால். மேல் தட்டில் அதன் இடம் காலியாகவே கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அலமாரியைத் துடைப்பவள் அவள். அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத்தான் துடைக்கிறாள்.

தினமும் காலை ஆறரைக்குப் பாகற்காய்ச் சாறு வருகிறது. டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் போவதில்லை. இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து, முழுப் பாரத்தையும் வலது காலில் நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் குடித்து முடிக்கும்வரை. உட்காரச் சொன்னால் கேட்பதில்லை.

"அடியில நிக்கதுதான் மருந்து. கலக்கிக் குடிங்க" என்றாள் இன்றைக்கும்.

கலக்கினேன். குடித்தேன்.