பூட்ஸோடு நிற்கக் கூடாத தரை

மரம் வெட்டுகிறவன் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெட்டுவதற்கு என்ன, கையில் செயின்சா இருந்தால் யாரும் வெட்டலாம். அடியில் அறுத்துவிட்டால் மரம் எங்கேயாவது விழுந்துதானே தீர வேண்டும். விழ இடமில்லாத மரங்கள்தான் என்னிடம் வரும். பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மரம், காஜாங்கில் பள்ளிக்கூட வேலிக்கும் மின்கம்பிக்கும் இடையில் நிற்கும் மரம். கிரேன் நுழைய முடியாத சந்துகள். நான் கயிற்றில் ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்குவேன். கூரையிலிருந்து தொடங்கி ஒரு வீட்டைப் பிரிப்பது மாதிரிதான்.

இறக்குவேன் என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் இறக்குகிறவன் நான் இல்லை. மேலே தொங்குகிறவனைத்தான் எல்லாரும் கைபேசியில் படம் எடுப்பார்கள். கீழே கயிறு பிடிப்பவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளையில் கட்டிய கயிறு எனக்கு மேலே ஒரு கப்பியில் ஏறி, கீழே வந்து, அடிமரத்தோடு கட்டிய இரும்பு உருளையில் சில சுற்று சுற்றி, அவன் கைக்குப் போகிறது. நான் அறுத்ததும் கிளையின் பாரம் அவனிடம் போய்ச் சேரும். அவன் உடனே இறுக்கிப் பிடித்தால் மரம் முழுவதும் குலுங்கும். மேலே இருக்கும் நான் பொம்மை மாதிரி ஆடுவேன். ஒரேயடியாக விட்டுவிட்டால் கிளை எதன் மேலாவது போய் விழும். கொஞ்சம் ஓடவிட்டு, மெதுவாக அமுக்கி, தரைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். அதைக் கையால் செய்வதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். காலால்தான் செய்கிறோம். கால் ஊன்றவில்லை என்றால் கை என்ன செய்யும்?

எனக்குக் கயிறு பிடித்தவன் என் தங்கையின் கணவன். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். அவனைத் தவிர வேறு யார் கயிறு பிடித்தாலும் எனக்கு மேலே நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டி, ஒரு சந்தின் கடைசியில் ஒரு முனியாண்டி கோயில். பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். முன்பு மரத்தடியில் ஒரு கல்தான் இருந்ததாம். பிறகு தகரக் கூரை வந்தது. அதற்குப் பிறகு யாரோ உபயமாக வழவழவென்று வெள்ளை டைல்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டைல்ஸ் அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டது. மரத்தின் கவட்டை உளுத்துப்போய், ஒரு மழையில் கிளை முறிந்து கூரையில் விழுந்ததும் கோயில் கமிட்டிக்குப் பயம் வந்துவிட்டது. திருவிழாவுக்குள் மரத்தை எடுத்தாக வேண்டும் என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

லோரியிலிருந்து கயிறுகளை இறக்கும்போதே தகராறு ஆரம்பித்தது.

"தம்பி, எல்லாரும் பூட்ஸ வாசல்லயே கழட்டிருங்க. சாமி இருக்கற இடம்" என்றார் தலைவர்.

"அங்கிள், இது சேஃப்டி பூட்ஸ். இத கழட்டிட்டு இந்த வேலைய செய்ய முடியாது."

"நாங்கல்லாம் இத்தன வருஷமா வெறுங்கால்லதான நிக்கிறோம். என்ன ஆயிருச்சு?"

"உங்க தலைக்கு மேல யாரும் மரம் அறுக்கலியே அங்கிள்."

கயிறு பிடிக்கிறவனை வேறு எங்காவது நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். எங்கே நிறுத்துவது? மரத்துக்கு ஒரு பக்கம் கோயில் தரை, மறுபக்கம் ஆளை விழுங்கும் பெரிய சாக்கடை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உள்ளே இருக்கும் முனியாண்டியைக் காட்டினேன். பெரிய மீசை, கையில் அரிவாள், காலில் வார் வைத்த தடித்த செருப்பு.

"சாமியே செருப்பு போட்டுக்கிட்டுத்தான உக்காந்திருக்காரு."

மச்சான் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தலைவரின் முகம் சிவந்துவிட்டது. வாயை விட்டு வேலையைக் கெடுக்கிறேன் என்று மச்சான் எப்போதும் சொல்வான். அன்று அவன்தான் அவரிடம் பணிவாகப் பேசி ஒரு வழி பண்ணினான். பூட்ஸைக் குழாயடியில் சுத்தமாகக் கழுவுவது, லோரியில் இருந்த தடித்த ரப்பர் பாய்களை டைல்ஸ் மேல் விரிப்பது, அந்தப் பாயை விட்டு வெளியே கால் வைக்காமல் இருப்பது. தலைவர் மனசில்லாமல் தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மரம் ஏறினேன்.

காலை வேலை நன்றாகப் போனது. ஒவ்வொரு முறையும் அறுப்பதற்கு முன்னால் நான் மேலிருந்து குரல் கொடுப்பேன். கீழிருந்து அவன் "ரெடி" என்பான். அந்தச் சொல் வராமல் நான் செயின்சாவைத் தொடுவதில்லை. கிளைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறங்கின. சந்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான்.

மதியம் நான் இறங்கவில்லை. இறங்கி மறுபடி ஏறினால் பாதி பலம் போய்விடும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் தண்ணீரையும் மச்சான் கயிற்றில் கட்டி அனுப்பினான். உளுக்காத ஒரு தடித்த கிளையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீழே இலைகளின் மறைவில் எதுவும் தெரியவில்லை. மணிச் சத்தம் கேட்டது, சாம்பிராணி வாசம் மேலே வந்தது. மதியப் பூசை என்று புரிந்தது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

சாப்பிட்டு முடித்து, கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்த கிளையில் கயிற்றைக் கட்டினேன். குரல் கொடுத்தேன்.

"ரெடி மச்சான்" என்றான்.

அறுத்தேன். கிளை முறிந்து, ஊஞ்சல் மாதிரி ஒரு வீச்சு வீசி, இறங்கத் தொடங்கியது. கயிறு ஓடும் சத்தம் எனக்கு மனப்பாடம். முதலில் சர்ரென்று வரும், பிறகு இழுத்துத் தேயும், பிறகு நிற்கும். அன்று தேயும் சத்தம் வரவில்லை. கப்பியில் கயிறு தறிகெட்டு ஓடியது. தகரத்தில் இடித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது அவன் குரல்.

எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்ததைக்கூட மறுநாள்தான் கவனித்தேன். ரப்பர் பாய்கள் சுவரோரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பூசைக்காகத் தரையைக் கழுவி விட்டிருக்கிறார்கள். விளக்கெண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து டைல்ஸ் பளபளத்தது. அதன் நடுவில் மச்சான் கிடந்தான். வழுக்கி விழுந்ததில் கயிறு கையை விட்டுப் போய்விட்டது. கூரை விளிம்பில் இடித்துத் திரும்பிய கிளையின் அடி அவனுடைய வலது பாதத்தில் இறங்கியிருந்தது. வெறும் பாதம். பூட்ஸ் இரண்டும் குழாயடியில், புது மாப்பிள்ளை கழற்றி வைத்தது போல ஒழுங்காக, ஜோடியாக நின்றன.

ஆஸ்பத்திரிக்கு என் தங்கை வந்தாள். அழவில்லை.

"அண்ணே, பூட்ஸ் போட்டிருந்தாரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

இல்லை என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். நடப்பார், ஆனால் பாரத்தை எதிர்த்து அந்தக் காலை ஊன்றி நிற்பது கஷ்டம் என்றார் டாக்டர். அவன் என்ன வேலை செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் தலைவர் வந்தார். கையில் விபூதிப் பொட்டலம், வாழைப்பழம். பின்னால் கோயில் பூசாரி. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஆள்.

"பெரிய கண்டம் தம்பி. தலையில விழ வேண்டியது. சாமிதான் காலோட விட்டுருச்சு" என்றார் தலைவர்.

பாயை யார் எடுக்கச் சொன்னது, தரையை யார் கழுவச் சொன்னது, கழற்று என்று யார் சொன்னது, சொல்லய்யா என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைவர் பழத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே நழுவினார். அப்போது கட்டிலிலிருந்து மச்சான் சொன்னான்.

"அவர ஏன் சத்தம் போடற மச்சான்? அவரு ஒண்ணும் சொல்லல லா. நாந்தான் கழட்டுனேன்."

"எதுக்கு?"

"தீபாராதன காட்டுனாங்க. பூட்ஸோட எப்படி கும்புடறது? கழட்டிட்டு போயி துண்ணூறு வாங்குனேன். அப்புறம் பாத்தா பாயெல்லாம் எடுத்துட்டாங்க. கழுவுன தரையில திருப்பி போட்டுக்கிட்டு நிக்க மனசு வரல."

"என்னைய கூப்பிட்டு சொல்லலாம்ல?"

"சொன்னா நீ மேலருந்தே சாமி மேல கத்துவ."

தலைவர் மேல் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் உயிரைக் கையில் வைத்திருப்பவன், எண்ணெய்த் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு "ரெடி" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லை நம்பித்தானே நான் அத்தனை உயரத்தில் தொங்குகிறேன்! வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். விரல் இல்லாத காலோடு படுத்திருப்பவனை, அவன் பெண்டாட்டியின் முன்னாலேயே திட்டினேன். அவன் செத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற பயம்தான் அப்படிக் கத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நர்ஸ் என்னை வெளியே துரத்தினாள்.

வராந்தாவில் பூசாரி தனியாக நின்றிருந்தார். தலைவர் கார் எடுக்கப் போயிருக்கிறார் என்றார். பிறகு மெல்லப் பேசினார்.

"பாலாலயம் பண்ணியிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லீங்கண்ணே."

கோயிலில் திருப்பணி நடக்கும்போது சாமியின் சக்தியைக் கலசத் தண்ணீருக்கு மாற்றி, வேறு இடத்தில் எழுந்தருளச் செய்து அங்கே பூசை பண்ணுவார்கள். அதுதான் பாலாலயம். வேலை முடியும்வரை பழைய இடத்தில் பூசையும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கொத்தனாருங்க எல்லாம் சிமெண்ட் காலோட கருவறைக்குள்ளயே போறாங்களே, எப்படின்னு நெனக்கிறீங்க? சாமி அப்ப அங்க இல்ல. நான் சொன்னேங்கண்ணே. தலைவர்தான் ஒரு மரத்துக்குப் போயி எதுக்குய்யா, திருவிழா நெருங்குதுன்னுட்டாரு."

ஒரு கலசம் தண்ணீர். அதைத் தூக்கிச் சந்துக்கு எதிர்ப்பக்கம் வைத்திருந்தால் மச்சானுக்கு மனசு வந்திருக்கும், பூட்ஸ் காலில் இருந்திருக்கும், மதியம் தரையைக் கழுவ வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சாமியைக் குறை சொல்லவே வழியில்லை. சாமி நகர்வதற்குத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. நகர்த்தத்தான் ஆளில்லை.

பாதி மரம் அப்படியே நின்றது. திருவிழா வந்தது, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஜனங்களைத் தள்ளி நிறுத்தி எப்படியோ நடத்தி முடித்தார்கள். பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டார். சாமியை எடுத்து வெளியே வைத்தால்தான் வருவேன் என்றேன். இந்த முறை அவரே பூசாரியிடம் பாலாலயத்துக்கு நாள் குறிக்கச் சொன்னார்.

பாலாலயம் அன்று மச்சான் வருவேன் என்று அடம்பிடித்தான். தங்கை எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். கடைசியில் நானே லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கோயில் வேலிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். வலது காலில் கட்டு, இடது காலில் ரப்பர் செருப்பு. அவன் இடத்தில் கயிறு பிடிக்க செலாயாங்கிலிருந்து ஒருவனை வரவழைத்திருந்தேன். அவனுக்கு மச்சான் உட்கார்ந்தபடியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூசாரி கலசத்தைத் தலையில் ஏந்தி வெளியே வந்தார். முன்னால் மணி, பக்கத்தில் தலைவர் குடையோடு. அவர்கள் எதிர்ப்பக்கம் தயாராக இருந்த தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். மச்சான் உட்கார்ந்திருந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அவன் குனிந்து, மிச்சம் இருந்த அந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி, நாற்காலிக்கு அடியில் தள்ளினான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டான். கட்டுப் போட்ட கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது, கலசம் தாண்டிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.