கடல் தாண்டி வந்தவர்களின் ஊரில் என் மகள்

என் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக ஜப்பானில் இருக்கிறார்கள். அவள் முழுகாமல் இருக்கும் செய்தியைச் சொன்ன அன்றே இன்னொன்றையும் சொன்னாள்: தலைப்பிரசவம் அங்கேதானாம். தாய்வீட்டுக்கு வரமாட்டாளாம். என் பதற்றம் அன்று தொடங்கியது.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். நாளெல்லாம் உப்பை மிதித்தேதான் நடப்போம். ஆனால் திருஷ்டி சுற்றிப் போட்ட உப்பில் மட்டும் கால் படக்கூடாது. அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டே அவள் வாசல் கதவைத் திறந்தபோது, படியோரம் கூம்பாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"ஏம்மா, நில்லு! காலை வைக்காத! யாரு வச்சது அதை?"

"அப்பா, காது கிழியுது. ஹவுஸ் ஓனர் அம்மா வச்சாங்க. வீட்டுக்கு நல்லது வரணும்னு இங்க வாசல்ல உப்பு வைப்பாங்க."

"நல்லதா? வேற நாட்டுக்காரி இங்கயே புள்ள பெத்துக்கப் போறாளேன்னு வயிறெரிஞ்சு வச்சிருப்பாங்க."

அவள் சிரித்துக்கொண்டே போனை வாசலுக்கு வெளியே நின்றிருந்த அந்த அம்மாளிடம் திருப்பி, நான் சொன்னதைச் சொன்னாள். கொஞ்சம் மாற்றித்தான் சொல்லியிருப்பாள். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு நீளமாக ஏதோ பேசினார்.

"அவங்களும் வெளியிலேருந்து வந்தவங்கதானாம்ப்பா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே, கொரியாவுல அவங்க நாடு அழிஞ்சப்போ அவங்க முன்னோருங்க படகுல வந்தாங்களாம். அந்தக் காலத்துல பானை செய்யறவங்க, நெய்யறவங்க, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் அப்படி வந்திருக்காங்க. இவங்களுக்கு இந்தப் பக்கம் நிலம் கொடுத்தாங்களாம். தலைவரா இருந்தவருக்குக் கோயிலே இருக்குது."

"இப்ப அவங்க யாராம்? கொரியாவா, ஜப்பானா?"

பிறக்கப்போகும் பேரப்பிள்ளையை நினைத்துத்தான் கேட்டேன். மகளுக்கும் அது புரிந்திருக்கும். உடனே கேட்டுச் சொன்னாள்.

"ஜப்பான்தானாம். ஆனா எங்கேருந்து வந்தோம்னு இன்னும் புள்ளைங்களுக்குச் சொல்லித்தான் வளக்கறாங்களாம்."

என் மனைவி பின்னாலிருந்து, "வந்தவங்களுக்குக் கோயில் கட்டின ஊருடி அது. இவரு பில்லி சூனியங்கறாரு" என்றாள்.

அந்தக் காலத்தில் படகேறியவர்களுக்கும் கரையில் நின்று பதறிய அப்பா இருந்திருப்பார். போய்ச் சேர்ந்தார்களா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கோ மகளின் முகமே தெரிகிறது.

"சரிம்மா, அங்கயே பெத்துக்கோ" என்றேன். பதற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. மனைவிக்குப் பாஸ்போர்ட் அப்ளை செய்தாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கச் சுறாக் கருவாடு எடுத்துப் போகலாமா, பிளேனில் விடுவார்களா என்று தெருவில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.