என் எலும்பு வளர மாரியாத்தாகிட்ட அழுதோம்

மாரியாத்தாளை நம்பி வாழற எல்லாருக்கும், பள்ளிபாளையத்துல இருந்து செல்வி சொல்றேனுங்க.

தறி வேலைக்குப் போறப்ப வண்டி மோதி என் இடுப்பு உடைஞ்சுது. செயற்கை மூட்டு வெச்சாங்க. கொஞ்ச வருசத்துல அது ஆட்டம் கண்டுருச்சு. போன பங்குனியில கட்டில்ல இருந்து காலைக் கீழ வைக்கவே முடியல. மூட்டைச் சுத்தி இருந்த எலும்பும் அரிச்சுப் போச்சுன்னுட்டாங்க.

என் ஊட்டுக்காரர் போர்வெல் லாரி டிரைவர். வேலையை உட்டுட்டு வந்து எனக்குப் பீ மூத்திரம் அள்ளினார். நான் சொவத்துப் பக்கம் மொகத்தைத் திருப்பிக்குவேன். செத்துரலாம்னு இருக்கும்.

ஆடி மாசம் சேலத்துல மறுபடியும் ஆபரேசன். இந்தத் தடவை இடுப்புக் குழிக்குள்ள வெச்சது டைட்டானியக் கிண்ணம். ஸ்பாஞ்சு மாதிரி மேலெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

"இந்த ஓட்டைக்குள்ள உங்க எலும்பு வளந்து புடிச்சுக்கணும்மா. அதுவரைக்கும் காலை ஊனக் கூடாது"ன்னார் டாக்டர்.

"வளருமுங்களா?"

"வெக்கறது என் வேலை. வளருதான்னு காத்திருந்துதாம்மா பாக்கணும்."

தையல் பிரிக்கலை, அதுக்குள்ள ஓமலூர்ல எங்கம்மா செத்துருச்சு. போன்லதான் மொகத்தைக் காட்டினாங்க. பெத்தவளைத் தொட்டு அழக்கூட எனக்குக் கொடுத்து வெக்கல. அன்னிக்கோட சாமி கும்புடறதை நிறுத்திட்டேன்.

கோயில் பக்கமே போகாத மனுசன் என் ஊட்டுக்காரர். ஒருநாள் காலையில பாத்தா, ஆத்தா படத்துக்கு வெளக்குப் பத்த வெச்சுட்டு நிக்கறார்.

"ஏனுங்க, நீங்களா?"

"எனக்கு ஒன்னுந் தெரியாது புள்ள. இவ எலும்பை வளர உடு தாயின்னேன். அவ்ளோதான்."

படுத்தபடியே ஓன்னு அழுதேன். அப்பறம் தெனமும் ரெண்டு பேரும் அதையேதான் கேட்டோம். வேற எதுவும் கேக்கல.

மார்கழியில எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் ரொம்ப நேரம் பாத்தார்.

"எலும்பு உள்ள போய் நல்லாப் புடிச்சிருச்சும்மா. இனி மெதுவா ஊனலாம்."

ஊட்டுக்காரர் சொவத்தைப் புடிச்சுட்டு அழுதார்.

கால் கொஞ்சம் கட்டைதான். தறிக்கு இனிப் போக முடியாது. எங்கம்மா நெனப்பு வந்தா இன்னமும் சோறு எறங்காது. ஆனா நானே எந்திரிச்சு, தடி ஊனி பாத்ரூம் போறேன். படுத்துக் கெடந்தவளுக்குத்தான் தெரியும் அது எத்தனை பெரிய வரம்னு. இப்பெல்லாம் வெள்ளிக்கெழமை ஆனா கோயிலுக்கு எனக்கு முன்னால அவர் கெளம்பிடறார்.

உங்க ஊட்லயும் யாராவது இப்படிப் படுத்திருக்கலாம். வைத்தியத்தை உட்றாதீங்க. ஆத்தாளையும் உட்றாதீங்க. கேக்க வாய் வரலைன்னா, அவ முன்னால அழுங்க. அவளுக்கு அது போதும்.