அரபி வராத நாள்

லாசால் நகரில் நான் ஆய்வுகூட உதவியாளராக இருக்கும் கல்லூரியில் இரசாயனம் படிப்பிப்பவர் லெபனான் நாட்டுப் பெண். பாடம் ஆங்கிலத்தில் ஓடும். அதட்டலும் செல்லமும் அரபியில் வரும். அரபிப் பிள்ளைகளும் அப்படியே கலந்துதான் பதில் சொல்வார்கள். அந்த இரைச்சல் எனக்கு எரிச்சலூட்டும்.

போன மாசியில் ஒருநாள் அவர் அரபியே பேசவில்லை. ஒரு மாணவி அரபியில் கேட்டதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. வகுப்பே அடங்கிப்போனது.

பாடம் முடிந்ததும் காரணம் கேட்டேன்.

"இன்று காலை பெய்ரூட்டில் என் அம்மா இறந்துவிட்டார். அரபியில் வாய் திறந்தால் அழுதுவிடுவேன்," என்றார் ஆங்கிலத்தில்.

என் அப்பா செத்ததையும் இதே கல்லூரிக்கு ஆங்கிலத்தில், குரல் நடுங்காமல் சொன்னவன் நான். அப்படிச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும், "சாப்பிட்டனியே?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். பனிச்சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே குந்தி அழுதேன்.