கோவிந்தம்மாள் வைத்த புகைபோக்கி

கோவிந்தம்மாளுக்குப் பேயென்றால் பயமில்லை, பாம்பென்றால் பயமில்லை. அடுப்புப் புகைக்குத்தான் பயந்தாள். கம்பைநல்லூரில் அவளைப் பெற்ற காவேரி, தலை நரைக்கும் முன்பே கண் மங்கி, சுவரைத் தடவித் தடவி நடந்தவள். "எல்லாம் இந்த அடுப்பு செஞ்ச வேலை" என்பாள். வைத்தியர் வேறு என்னவோ சொன்னார். மகள் நம்பியது அம்மாவைத்தான்.

வாக்கப்பட்டு வந்தது கடத்தூருக்கு மேற்கே, கொட்டாய் என்று சொல்கிற ஒரு சிற்றூருக்கு. புருஷன் கிருஷ்ணப்பன் நல்ல உழைப்பாளி, ஆனால் பிடிவாதக்காரன். அந்த வீட்டு அடுப்படி இருக்கிறதே, அப்பப்பா! புல் வேய்ந்த தாழ்ந்த கூரை, ஜன்னல் என்று பேருக்கும் இல்லை. ஈர விறகு வைத்துவிட்டால் எதிரில் நிற்பது ஆளா ஆடா என்று தெரியாது. அதிலேயே பல வருஷம் களி கிண்டினாள். ஒருநாள் சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், வளையம் போகவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"ஏங்க, இந்த வருசம் கூரை மாத்தத்தான போறீங்க. அடுப்படிக்கு மட்டும் ஓடு போட்டுடுங்க. புகை போக ஒரு வழி வெச்சுக் குடுங்க" என்றாள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. நிலக்கடலை நன்றாக விளைந்திருந்ததால் கிருஷ்ணப்பனும் சரியென்றான். அதியமான்கோட்டையிலிருந்து கொத்தனார் சவுரியப்பன் வந்தார்.

கிருஷ்ணப்பன் எப்போதோ சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டில், சமையல்காரர் நின்றுகொண்டே சமைப்பதைப் பார்த்திருந்தான். அதே மாதிரி இடுப்பளவு மேடை கட்ட வேண்டுமாம்.

"அவிங்க சோறு வடிக்கறவங்க" என்றாள் கோவிந்தம்மாள். "நம்முளுது களி. நின்னுக்கிட்டுக் கிண்டுனா பானைய எந்தக் கால்ல மிதிச்சுப் புடிக்கறது?"

சவுரியப்பன் சிரித்துவிட்டார். மேடை வேண்டாமென்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு அவள் கொத்தனாரை விட்டு நகரவே இல்லை. புகைபோக்கியை மேற்கே பார்த்து வைக்கப் போனார். "ஆடிக் காத்து அங்கிருந்துதாங்க வரும், போற புகையத் திருப்பி உள்ளயே தள்ளும்" என்று கிழக்கே மாற்றவைத்தாள். தண்ணீர்ப் பானையை அடுப்பை விட்டுத் தள்ளி வைத்தாள், சிந்துகிற நீர் வெளியே ஓட வாட்டம் விடச் சொன்னாள். கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்ததும் ஊரே வந்து பார்த்தது. ஓரகத்தி ராமக்கா மட்டும் மோவாயில் கை வைத்துக்கொண்டு, "புகையே இல்லாம எழவு வூடாட்டம் கெடக்குதேடி" என்றாள். பொறாமைதான், வேறென்ன!

கோவிந்தம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண் எரிச்சல் நின்றது. வளையம் போகவில்லை, ஆனால் பெரிதாகவும் இல்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

தை மாதம் சோளம் அறுத்தார்கள். முத்தின கதிராகப் பொறுக்கி, கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அடுத்த ஆடிக்கு விதை அதுதான். பழைய அடுப்படியில் கதிர் கரி பிடித்துக் கறுத்துக் கிடக்கும், வண்டு கிட்டே அண்டாது. ஏன் அண்டாது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. புதுப் பரணில் கதிர் வெள்ளைவெளேரென்று இருந்ததைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

ஆடியில் மழை இறங்கியது. கிருஷ்ணப்பன் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கினான். மாவாகக் கொட்டியது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் மாவு. எல்லாக் கதிரையும் வண்டு தின்று தீர்த்திருந்தது. புகை இல்லையே, வண்டுக்கு என்ன பயம்?

"உன் கண்ணுக்காவ ஒரு வருச வெள்ளாமையத் தொலைச்சிட்டியேடி!" என்று கத்தினான். மண்ணைக் குழைத்துக்கொண்டு, புகைபோக்கியை அடைத்தே தீருவதென்று ஏணியைச் சாத்தினான்.

கோவிந்தம்மாள் ஏணியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது.

"தப்பு என்னுதுதான். எல்லாத்தையும் யோசிச்சேன், வெதைய யோசிக்கல. வெதைய நாலு வூட்டுல கேட்டு வாங்கலாம். கண்ண எந்த வூட்டுல போயிக் கேக்கறது, சொல்லுங்க?"

அவன் பாதி ஏணியில் நின்றான். அந்தப் பக்கத்தில் விதை கேட்டு அடுத்தவன் வாசலேறுவதைப் போல ஒரு குடியானவனுக்கு மானக்கேடு கிடையாது. "நான் போவ மாட்டேன்" என்றான்.

"நீங்க போவ வேணாம். நான் போறேன்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், ஊர் பார்க்க நடந்தாள். முதலில் போனது ராமக்கா வீட்டுக்கு. கேட்கப்போகும் பேச்சை எல்லாம் முதலிலேயே கேட்டுவிடலாமே என்றுதான்.

ராமக்கா விடவில்லை. "வாடி மவராசி! ஓட்டு வூட்டுக்காரி வெதைக்கு வந்துட்டாளா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தாள். கோவிந்தம்மாள் தலை குனிந்து நின்றாள். ராமக்கா தன் அடுப்படிக்குள் நுழைந்து, கரியேறிய கதிர்க்கட்டை அவிழ்த்து, இருமிக்கொண்டே வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கூடை நிறையக் கதிரை வைத்தாள். குறைத்து வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன்டி, அந்தக் கொத்தனாரு எங்கூட்டுக்கும் வருவாராடி?"

கோவிந்தம்மாள் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"வருவாருக்கா. நான் கூட்டியாறேன். அதுக்கு முன்னால வெதைய எறக்கி, மாட்டுக் கொட்டாயில கொசுவுக்குப் புகைமூட்டம் போடற எடத்துக்கு மேல கட்டு" என்றாள்.