கவிழ்த்து வைத்த பொங்கற்பானை

தம்பையா தியாகராசா 1948 வைகாசியில் தெல்லிப்பழையில் பிறந்தார். என் சிறியதந்தையின் மகன். 1983 மாசியில் கட்டார் நாட்டுக்குச் சென்றார். கடல்நீரை நன்னீராக்கும் ஆலையொன்றில் குழாய் பொருத்தும் வேலை. மனைவி அருந்ததி. ஒரே மகள், அவர் புறப்பட்டபோது அவளுக்கு இரண்டு வயது. 1990 க்கு முன் விடுமுறையில் இருமுறை வந்தார், இரண்டும் ஆவணியில். தைப்பொங்கலுக்கென வந்தது 1990 இல் மட்டுமே. அந்த மூன்று கிழமை விடுப்புக்காக, எகிப்து நாட்டவர் ஒருவருக்குப் பதிலாக நோன்புமாதம் முழுவதும் இரவுவேலை செய்திருந்தார்.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்க வீடு சேர்ந்தார். மறுநாளே மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மருதனார்மடச் சந்தைக்குப் போய்ப் புதுப்பானை வாங்கினார். தகப்பனோடு பொங்கிய நினைவு அந்தப் பிள்ளைக்கு இல்லை.

ஜனவரி பத்தாந் திகதி, தியாகராசாவின் பக்கத்து வளவுப் பரமலிங்கம் தமது எழுபத்தாறாவது வயதில் காலமானார். வேலி வழக்கொன்றினால் இரு வீட்டாரும் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கதைத்ததில்லை. ஆயினும் தகப்பன்வழி உறவு. எங்கள் குடும்ப வழக்கில், ஒரே பூட்டனாரின் வழிவந்தோர் வீடுகளுக்குத் துடக்கு, அதாவது சாவுத்தீட்டு, முப்பத்தொரு நாள். அதற்கு அப்பாற்பட்டோருக்கு மூன்று நாள். துடக்குள்ள வீட்டில் பொங்குவதில்லை. மூன்று நாளாயின் பொங்கலுக்கு முன்பே கழிந்துவிடும். முப்பத்தொரு நாளாயின் தியாகராசா திரும்பிப் போன பின்பும் கழியாது.

அன்று பின்னேரம் தியாகராசாவும் அருந்ததியும் என்னிடம் வந்தார்கள். எங்கள் வம்சாவளி எழுதிய கொப்பி என்னிடமே இருக்கிறது.

“ஒரு வேலிக் கதியால் தள்ளி நட்டதுக்குக் கோட்டுக்குப் போன மனிசன், அத்தான்,” என்றாள் அருந்ததி. “உயிரோடை இருக்கேக்கை உறவில்லை. செத்தாப்பிறகு துடக்கு மட்டும் எங்களுக்கோ?”

“போற போக்கிலையும் வேலியை எங்கடை பக்கம் அரக்கிப்போட்டார்,” என்று தியாகராசா சிரித்தார்.

கொப்பியை விரித்துப் பார்த்தேன். பரமலிங்கத்துக்கும் தியாகராசாவுக்கும் பூட்டனார் கதிர்காமர். என் தகப்பனாரின் எழுத்து, ஐயத்துக்கு இடமில்லை.

“மூடி வையுங்கோ அத்தான். மூண்டு நாள் எண்டு சொன்னா ஆர் வந்து எண்ணப்போகினம்?”

“எங்கடை வீட்டிலையும் இந்தமுறை பொங்கலில்லை, பிள்ளை,” என்றேன்.

“விடும், அருந்ததி,” என்றார் தியாகராசா. “பொய் சொல்லிப் பொங்கிப்போட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உமக்கு உந்தப் பானைதான் கண்ணுக்கை நிக்கும். நானும் அங்கை கிடந்து அதையே யோசிக்கவேணும். ஏலாதப்பா. களைச்சுப்போனன்.”

மறுநாள் அவர் இரு வளவுக்கும் இடையிலான வேலிப் படலையால் அல்லாமல் தெருவால் சுற்றிச் செத்தவீட்டுக்குப் போனார். பாடைக்குத் தோள் கொடுத்தார்.

பொங்கலன்று தியாகராசா காலை எட்டு மணிவரை எழும்பவில்லை. அயல்வீட்டார் வாழையிலையில் பொங்கற் புக்கை கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு வாய் உண்டு, மீதியை மகளிடம் நீட்டினார். “எங்கடை பானையிலை எப்ப?” என்று அவள் கேட்டாள். “வாற தைக்கு,” என்று சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் மத்தியானம்வரை கண்ணை மூடிக் கிடந்தார். ஜனவரி இருபத்தேழாந் திகதி புறப்படுமுன், பானையைத் துடைத்து அடுப்படித் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

அவ்வாண்டு ஆனியில் மீண்டும் சண்டை மூண்டது. அருந்ததியும் மகளும் இரண்டு பைகளுடன் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த வீடு இன்று எவரும் போக இயலாத இராணுவ எல்லைக்குள் இருக்கிறது. தியாகராசா அதன்பின் ஊருக்கு வரவில்லை. கடிதங்கள் இரண்டு மூன்று மாதம் பிந்தி வருகின்றன.

கொப்பியில் உள்ளது சரியே. அந்தப் பக்கத்தைத்தான் நான் இப்போது விரிப்பதில்லை.

1984 முதல் 1995 வரை தைப்பொங்கல் பன்னிரண்டு. தியாகராசா வீட்டில் நின்றது ஒன்று. பொங்கியது ஒன்றுமில்லை.