நான் சாத்திய ஜன்னல்

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், ஏதாவது நடந்தால் போலீஸ்காரர்கள் பக்கத்தில் இருக்கிற ஸ்டுடியோக்காரனைத்தான் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். தூக்கு, விபத்து, கிணற்றில் விழுந்தது, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிற அதே கையோடு சாவு நடந்த இடத்துக்கும் போய்வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மற்றவன் எடுத்தால் இருட்டடித்துப்போகிற அறையில்கூட என் படத்தில் சுவரில் அடித்த ஆணி தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. அதன் முதலாளி மனைவியை இழந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, பட்டறையை ஒட்டிய அறையிலேயே தனியாகப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் காலை, வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்த லேத் ஆப்பரேட்டர் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்து பார்த்தால், முதலாளி கட்டிலில் செத்துக் கிடக்கிறார். விலாவில் ஒரே குத்து. குத்திய ஆயுதம் அறையில் எங்கேயும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு ஒருவர்தான் வாசலில் இருந்தார். மூக்கில் துண்டை வைத்து வாசலிலிருந்தே ஒரு முறை எட்டிப் பார்த்ததோடு சரி, அதற்குமேல் அவர் உள்ளே போகவில்லை. ஆப்பரேட்டர் பட்டறை ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, ஐயா வாரதுக்குள்ள நாலு படம் எடுத்துப்போடுங்க. அப்பறம் கூட்டம் சேந்துக்கும்” என்று சொல்லிவிட்டு ஏட்டு ஊர்க்காரர்களை விரட்டப் போய்விட்டார்.

உள்ளே நான் மட்டும். கட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். அதன் இரண்டு மரக் கதவுகளும் விரியத் திறந்திருந்தன. அந்தப் பக்கம் காலி இடமும் கள்ளி வேலியும். காலை வெயில் நேராக என் கண்ணில் அடித்தது. வாசலில் நின்று ஒன்று எடுத்தேன். எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, வீண். எதிர் வெளிச்சம் எங்கள் தொழிலுக்கு ஜென்ம விரோதி. கல்யாண வீட்டில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, உள்ளே கொக்கியை மாட்டினேன். கட்டிலில் கால் படக்கூடாது, ரத்தத்தில் செருப்பு படக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன். ஜன்னலைச் சாத்தியது மட்டும் ஒரு காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஃபிளாஷ் போட்டுப் பதினோரு படம் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தது, ஜன்னல் சாத்தியபடியே நான் விட்டுவந்த அறையைத்தான்.

அன்று மாலை இருட்டறையில் நெகட்டிவைக் கழுவினேன். முதல் படம் நினைத்தபடியே கெட்டுப்போயிருந்தது. நடுவில் ஜன்னல் இருந்த இடம் மட்டும் வெயிலில் வெந்துபோய், இரண்டு பக்கமும் மரக் கதவுகள் விரிந்து கிடந்தன. கெட்டுப்போன படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. அந்த ஒன்றை மட்டும் கத்தரித்து ஒரு கவரில் போட்டு மேஜை இழுப்பறையில் தள்ளிவிட்டு, மற்ற பதினொன்றையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்கைந்து நாளில் கோயமுத்தூரிலிருந்து ஒரு அதிகாரியும் இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். அதிகாரி அமைதியான மனிதர், வேறு மாவட்டத்துக்காரர். என் படங்களை மேஜையில் பரப்பிவைத்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: “என்ன தெளிவு பாருங்க. ஜன்னல் கொக்கிகூடத் தெரியுது. உள்ள மாட்டியிருக்கு. தளம் போட்ட கட்டடம். அப்ப, கதவு ஒண்ணுதான் வழி.”

அந்தக் கொக்கியை மாட்டியவன் நான். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அவர் அப்போதுதான் என் படத்தைப் புகழ்ந்து முடித்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. தாழ்ப்பாள் சட்டம் பிய்ந்து, திருகாணிகள் மரத்தோடு வந்திருந்தன. அதனால் கதவு உண்மையிலேயே உள்ளே பூட்டியிருந்தது என்பதில் சந்தேகமில்லை. அப்படியானால் குத்தியவன் எப்படி வெளியே போனான்? ஆப்பரேட்டருக்கும் முதலாளிக்கும் இரண்டு நாள் முன்னால் லீவு விஷயமாக வாய்த்தகராறு நடந்திருந்தது. பிணத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். அவர்தான் செய்தார் என்று முடிவு கட்டி ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். எப்படிச் செய்தார் என்பதுதான் புரியவில்லை. வாரம் இரண்டு நாள் பட்டறைக்கு வந்து அதைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். புதுத் தாழ்ப்பாள் மாட்டி, நூலைக் கட்டிக் கதவிடுக்கு வழியாக இழுத்தார்கள், நூல் அறுந்தது. பட்டறையிலிருந்த பெரிய காந்தத்தைக் கதவுக்கு வெளியே வைத்து ஓட்டினார்கள், தாழ்ப்பாள் அசையவில்லை. பனிக்கட்டியை முட்டுக் கொடுத்து, அது உருகினால் தாழ்ப்பாள் தானாக விழுமா என்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கதவடியில் தண்ணீர்தான் ஓடியது. மிச்சப் பனிக்கட்டியைச் சர்பத்தில் போட்டு எல்லோரும் குடித்தோம். ஒவ்வொரு சோதனையையும் படம் எடுத்தது நான். ஒரு சின்னக் கொக்கியை என் கை மாட்டியதற்காக மூன்று படித்த மனிதர்கள் வேர்க்க விறுவிறுக்க நூல் இழுப்பதை, வெளிச்சம் சரிபார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், ஆப்பரேட்டரின் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவர் என்று நினைத்து முக்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“ஏனுங்கண்ணா, அன்னைக்கு அந்த ரூமுல படம் புடிச்சது நீங்கதானுங்களே?”

“ஆமாங்கம்மணி.”

“கதவ நெம்பி உள்ள போனப்ப ஜன்னல் தொறந்து கெடந்துச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாருங்க. ஆரும் நம்ப மாட்டீங்கறாங்க. படத்துல சாத்தியிருக்குதுங்கறாங்க. நீங்க கண்ணுல பாத்தவரு. நீங்க சொன்னா நான் நம்பிக்கறனுங்க.”

இவ்வளவு நேராக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தடயத்தைக் கலைத்ததாக என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். என்னைத் தனியாக உள்ளே அனுப்பிய ஏட்டுக்கு வேலை போய்விடும் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டு காரணத்தையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாத மூன்றாவது ஒன்று உண்டு. ஆணி தெரியப் படம் எடுக்கிறவன் என்று பேர் வாங்கிய ஆள், அறையையே மாற்றிவைத்துவிட்டு எடுத்தான் என்று ஊர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. இதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரியதாக இருந்தது.

“நான் போனப்ப சாத்தித்தான் இருந்துச்சுங்கம்மணி” என்றேன்.

“செரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பொய்யோடு காலம் தள்ளினேன். சோறு இறங்காமல் இல்லை, தூக்கம் வராமலும் இல்லை. அப்படியெல்லாம் ஆனதாகச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய். ஒரு நாள் பட்டறை வாசலில் அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். நூலும் காந்தமும் மூட்டை கட்டப்பட்டிருந்தன. “எத்தனையோ கேஸ் பார்த்துட்டேன். இது எனக்குத் தோல்விதான். அந்த ஆள் நாள் தவறாம ஒரே வார்த்தையைச் சொல்றான், ஜன்னல் திறந்திருந்துச்சுன்னு. பொய் சொல்றவன் இவ்வளவு நாளில் ஒரு தடவையாவது மாத்திச் சொல்வான்” என்றார். என்னிடம் சொன்னார் என்பதைவிட, பக்கத்தில் நான் இருந்தேன் என்பதுதான் சரி. நான் வீட்டுக்குப் போகாமல் ஸ்டுடியோவுக்குப் போய், இழுப்பறையிலிருந்த கவரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இதை ஏன் அன்னைக்கே குடுக்கல?”

“கெட்டுப்போன படமுங்க.”

“நீங்க எடுத்ததுல இது ஒண்ணுதான் நல்ல படம்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு விஷயம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. கோடைப் புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்துவைத்து, அதை ஒட்டிக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார் மனிதர். வெளியே நின்றவன் நீளமான எதையோ கம்பிகளுக்கு இடையில் விட்டுக் குத்திவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அறைக்குள் யாரும் நுழையவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தார்கள். இடையில் மழை பெய்து, கள்ளி வேலியை வெட்டி, யாரோ காலி இடத்தில் செங்கல் இறக்கியிருந்தார்கள். முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு கால் தடமாவது கிடைத்திருக்கும். குத்தியவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. செத்தவரின் மகள் அதன்பின் இரண்டு மூன்று வருடம் ஸ்டேஷனுக்கு நடந்தார் என்று கேள்வி. அந்தக் கணக்கும் என் தலையில்தான்.

ஆப்பரேட்டரை விட்டுவிட்டார்கள். ஏட்டுக்காகவோ எனக்காகவோ, அதிகாரி காரணத்தை ஊரில் பரவவிடவில்லை; ஆப்பரேட்டரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

சில மாதம் கழித்து ஆப்பரேட்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார். “இங்க ஆரும் வேலை குடுக்க மாட்டீங்கறாங்க. வெளியூருல ஒரு கம்பெனியில கெடைக்குமாட்ட இருக்குதுங்க. போட்டோ கேட்டாங்க” என்றார். முக்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் கேமராவைத் தொடாமல், என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“போலீசு நம்பாதது ஒண்ணுமில்லீங்க, அவிங்க வேலை அது” என்றார் அவர். “உங்ககிட்ட வந்துட்டுப் போன அடுத்த வாரம், எங்கூட்டுக்காரி ஜெயிலுக்கு வந்தாளுங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டா. அத்தோட செரி. அப்பறம் வரலீங்க. தாராபுரத்துல அவிங்கம்மா ஊட்டுல இருக்கறா. சாட்சி இல்லாமத்தான் உட்டுட்டாங்கன்னு அவ நெனைக்கறாளுங்க. நான் சொன்னா ஏறாது. நீங்க ஒருக்கா போயி சொல்லிப்போடுங்க.”

அதுவரை நான் கெடுத்தது ஒரு வழக்கைத்தான், ஒரு மனிதனின் இரண்டரை மாதத்தைத்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது உச்சிவெயில். ஆப்பரேட்டரின் மனைவி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: வெயில், ஜன்னல், கொக்கி, முதல் படம். முடித்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் உங்க கடைக்கு வந்து கேட்டப்ப, சாத்துனது உங்களுக்கு மறந்துபோயிருந்துச்சுங்களா?”

நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழியையும் அவரே சேர்த்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

“இல்லீங்கம்மணி. ஞாபகம் இருந்துச்சுங்க.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு எம் மூஞ்சியப் பாத்து, நான் செய்யலீன்னு சொன்னாருங்க. நான் உங்களத்தானுங்க நம்புனேன்” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தார்.

“வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க.”

குடித்துவிட்டு வந்தேன். அந்த வருடம் ஆப்பரேட்டர் வெளியூருக்குத் தனியாகத்தான் போனார்.